மூக்கர் துவைத்த பெல்ட்

மரம் ஏறுகிறவர்களில் மூக்கரைப் போல ஒரு சுத்தக்காரரை நீங்கள் பார்த்திருக்க முடியாது. பார்த்திருந்தால் மறந்திருக்க மாட்டீர்கள், ஏனென்றால் அவர் உங்களைப் பார்த்து முகம் சுளித்திருப்பார். சின்ன வயதில் கூட்டாளிகள் வைத்த பெயர் மூக்கன். வயது நாற்பதைத் தாண்டி, மரம் வெட்டும் கம்பெனியில் ஏறுகிற நாலு பேரில் மூத்தவரானதும், மரியாதைக்கு ஓர் எழுத்தை மாற்றி மூக்கர் ஆக்கினார்கள். மரியாதை அந்த ஓர் எழுத்தோடு சரி. முதுகுக்குப் பின்னால் இன்னும் மூக்கன்தான்.

அந்த மூக்கு பார்ப்பதற்குப் பெரிசு ஒன்றும் இல்லை. ஆனால் அது செய்த அட்டூழியம் கொஞ்சநஞ்சமல்ல. பஸ்ஸில் உட்கார்ந்தால் முன்சீட்டுக்காரர் தலைக்குக் குளித்து எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்லிவிடும். கடையில் தண்ணீர் கொடுத்தால் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பிறகு முகர்ந்து, "உவ்வே" என்று வைத்துவிடுவார். யாராவது கைக்குழந்தையை நீட்டினால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வார். "குழந்தைதானேப்பா, பூ மாதிரி" என்றால், "பூ ஏன் பால் வாந்தி எடுக்குது?" என்று கேட்பார். இப்படி ஒரு மனுஷனோடு குடும்பம் நடத்திய அந்த அம்மாளுக்குக் கோவில் கட்டிக் கும்பிடலாம்.

இவருக்கு முதல்முதலில் கிடைத்த வேலை என்ன தெரியுமா? செருப்புக்கடை! வருகிறவர்கள் காலைப் பிடித்து அளவு பார்க்கிற வேலை. பதினோரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். பன்னிரண்டாம் நாள் ஒரு தடித்த மனிதர் வந்து உட்கார்ந்து, காலுறையைக் கழற்றி, அதை இவர் தோளில் போட்டார். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லச் சொன்னால் இன்றைக்கும் எழுந்துபோய் வாய் கொப்பளித்துவிட்டுத்தான் வருவார்.

வேலையை விட்டுத் தெருவில் நடந்து வந்தபோது, ஒரு பெரிய மரத்தின் உச்சியில் ஓர் ஆள் கயிற்றில் தொங்கிக்கொண்டு காய்ந்த கிளையை அறுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார். அவன் இறங்கும்வரை நின்று, "மேல என்ன வாசனை வரும்?" என்று கேட்டார். அவன் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இலை வாசனை. வேற என்ன வரும்?" என்றான். மறுநாளே அந்தக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். மற்றவர்கள் கூலிக்காக ஏறினார்கள், சிலர் உயரத்தின் மேல் உள்ள கிறுக்கில் ஏறினார்கள். மூக்கர் ஏறியது மனுஷ நாற்றத்துக்குத் தப்பி.

ஆனால் அங்கேயும் விதி விட்டதா? ஏறுகிறவனுக்கு பெல்ட்தான் நாற்காலி, பெல்ட்தான் தரை. இடுப்பைச் சுற்றி அகலமாய் ஒரு பட்டை, தொடைக்கு ஒன்றாக இரண்டு பட்டை, இடுப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு இரும்பு வளையம், அந்த இரண்டு வளையத்தையும் முன்னால் சேர்க்கிற ஒரு முழக் கயிறு. மேலே மரத்திலிருந்து வரும் கயிற்றின் கொக்கியை இந்த முன்கயிற்றில்தான் மாட்டுவார்கள். கம்பெனியில் நாலு பேருக்கு மூன்று பெல்ட் இருந்தன. ஒருத்தன் இறங்கி, சொட்டச் சொட்டக் கழற்றிக் கொடுப்பான். அடுத்தவன் அந்த ஈரத்தைத் தன் தொடையில் இறுக்கிக்கொண்டு ஏறுவான். மூக்கர் இரண்டு கால்சட்டை போட்டு, நடுவில் பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொண்டு ஏறினார். நடந்தால் சரசரவென்று சத்தம் வரும். அதற்கும் சிரித்தார்கள்.

இரண்டு வருஷம் மேலாளரின் உயிரை எடுத்தார். கடைசியில் மேலாளர் மேஜையைத் தட்டி, "ஐயா சாமி, உங்களுக்கு எது பிடிக்குதோ அதை நீங்களே போய்ப் பாத்து எடுங்க. ஆளுக்கு ஒண்ணு. இனிமே இந்த ஆபீஸ்ல நாத்தம்ங்கிற வார்த்தை என் காதுல விழக் கூடாது" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

கடைக்கு மூக்கர் போன அன்று கடைக்காரருக்கு நேரம் சரியில்லை. முதலில் அவர் எடுத்துப் போட்ட பெல்ட்டில் வளையம் முதுகுப்பக்கம் இருந்தது.

"இதுதான் சார் நல்லா போகுது."

"போகும். கட்டடக்காரங்களுக்குப் போகும். அவங்களுக்கு விழுந்தா பிடிக்கணும், அவ்ளோதான். நாங்க விழறதுக்கு ஏறல. உக்காந்து வேலை பாக்க ஏறறோம். இதைப் போட்டுத் தொங்கினா பூனை கவ்வின குட்டி மாதிரி தொங்கணும். அப்புறம் ரம்பத்தை யார் பிடிப்பா, உங்கப்பாவா?"

கடைக்காரர் அடுத்ததை எடுத்தார். மெத்து வைத்த பெல்ட், பார்வைக்கு லட்சணமாய் இருந்தது. மூக்கர் அதை உள்பக்கம் வெளியே திருப்பினார். சென்ட் வாசனை குப்பென்று அடித்தது. பெல்ட்டுக்கு எதற்கு சென்ட்? வளைவில் விரலை விட்டு எதையோ பிடித்து இழுத்து, கடைக்காரர் கண்ணெதிரே நீட்டினார். ஒரு சுருட்டை முடி.

"இது யார் இடுப்புல இருந்தது?"

"புது சரக்கு சார். சத்தியமா."

"புது சரக்குக்கு முடி முளைக்குமாய்யா? சீ! யாரோ போட்டுத் திருப்பிக் குடுத்ததைத் துடைச்சு வச்சிருக்கே. நீயெல்லாம் ஒரு மனுஷனா?"

பெட்டி பிரிக்காததுதான் வேண்டும் என்று சாதித்துவிட்டார். பிரித்த ஒவ்வொன்றையும் மாட்டிக்கொண்டு, கடையின் உத்தரத்து இரும்பில் கயிறு போட்டு, ஒன்றுக்கு அரை மணி நேரம் தொங்கினார். வந்தவர் போனவரெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். ஒன்று இருபது நிமிஷத்தில் காலை மரத்துப்போக வைத்தது. இன்னொன்றில் இடுப்புப் பட்டை மேலேறி விலாவில் வந்து நின்றது. இன்னொன்றின் பூட்டு கையுறையோடு திறக்க வரவில்லை. ஐந்தாவதில்தான் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. எடை தொடைக்கும் இடுப்புக்கும் பாதிப் பாதியாய் இறங்கியது. பட்டைகளில் மஞ்சள் நூலில் தையல், ஓர் இழை அறுந்தாலும் கண்ணில் படும். அந்த வகையில் நாலு நிறத்தில் நாலு எடுத்தார். ஒருத்தன் இன்னொருத்தனுடையதைத் தெரியாமல் எடுத்தேன் என்று சொல்ல வழியே இருக்கக் கூடாது.

கம்பெனிக்கு வந்து எல்லோரையும் நிற்க வைத்து, பெல்ட்டில் தைத்திருந்த சீட்டை உரக்கப் படித்தார். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கையால் துவைக்கவும். நன்றாக அலசவும். நிழலில் உலர்த்தவும். பிறகு தன் பங்குக்குச் சட்டம் போட்டார்.

"பெட்ரோல் படக் கூடாது. பேட்டரித் தண்ணி, அந்த ஆசிட், படக் கூடாது. மார்க்கர் பேனாவால பேர் கிறுக்கக் கூடாது. அடுத்தவன் பெல்ட்டை எவனும் தொடக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது அத்தான்" என்று பின்வரிசையிலிருந்து பெரிய குரலில் சொன்னது அவர் மச்சினன்.

இந்த மச்சினன் மூக்கரின் மனைவிக்கு ஒரே தம்பி. எட்டு வருஷத்துக்கு முன்னால், "என் தம்பிக்கு ஒரு வேலை வாங்கிக் குடுங்க" என்று அந்த அம்மாள் கேட்ட ஒரே விஷயத்துக்காக மூக்கர் அவனைச் சேர்த்துவிட்டார். அன்று பிடித்தது சனி. ஆள் தங்கம். ஆனால் உடம்பு குப்பைத்தொட்டி. பச்சை வெங்காயத்தைக் கடித்துத் தின்றுவிட்டுக் கையைப் பெல்ட்டில் துடைப்பான். சளி பிடித்தால் அதற்கும் தொடைப் பட்டைதான். வண்டியில் போகும்போது கால் நகம் வெட்டுவான், அது பறந்து எங்கே விழும் என்று சொல்ல முடியாது. ஒரு தடவை மூக்கரின் சாப்பாட்டுப் பாத்திரத்தின் மூடிமேல் விழுந்தது. அன்றைக்கு அவர் பட்டினி.

மரத்தில் மட்டும் அவன் வேறு ஆள். குரங்குக்கே வகுப்பெடுப்பான். எந்தக் கிளை தாங்கும், எது ஏமாற்றும் என்று உள்ளங்கை வைத்ததும் சொல்லிவிடுவான். தன்னைவிட அவன் கெட்டிக்காரன் என்பது மூக்கருக்குத் தெரியும். சொன்னதில்லை. சொன்னதெல்லாம், "நாத்தம் பிடிச்சவனே, தள்ளி உக்காரு, உன் நாத்தம் ஒரு நாள் பெல்ட்டையே தின்னுடும்" என்பதுதான். எட்டு வருஷமாக, தினமும், எல்லோர் முன்னாலும். அவன் சிரித்துக்கொண்டே எழுந்துபோய் வண்டியின் பின்னால், வெட்டிய கிளைகளோடு உட்கார்ந்துகொள்வான். சிரிக்கிறானே, அவனுக்கு வலிக்கவில்லை என்று மூக்கர் எடுத்துக்கொண்டார். நமக்கு வசதியானதைத்தானே நாம் எடுத்துக்கொள்வோம்!

மச்சினனுக்குக் கொடுத்தது சிவப்பு பெல்ட். ஒரு மாதத்தில் அது எந்த நிறம் என்று கேட்டால் யோசிக்க வேண்டும் என்ற நிலைக்கு வந்தது. வண்டியில் நாலு பெல்ட்டும் வரிசையாய் மாட்டியிருக்கும். மூக்கரின் பச்சைக்குப் பக்கத்துக் கொக்கியில் அந்தச் சிவப்பு. வெயிலில் வண்டிக் கதவைத் திறந்தால் முகத்தில் அறைந்த மாதிரி இருக்கும். ஒரு வார இறுதியில் வண்டியைச் சுத்தம் செய்யும்போது, சிவப்பு பெல்ட்டின் பையிலிருந்து ஏதோ கசிந்திருப்பதைப் பார்த்தார். திறந்தார். அவித்த முட்டை. பாதி கடித்தது. எத்தனை நாளானதோ, அதன் மேல் ரோமம் மாதிரி பூசணம் பூத்திருந்தது.

மூக்கர் வண்டிக்குப் பின்னால் போய் வயிற்றில் இருந்ததையெல்லாம் கொட்டினார். பிறகு அந்த பெல்ட்டை இரண்டு விரலால் தூக்கி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, வீட்டுக்கு எடுத்துப் போனார். அடுத்தவன் பெல்ட்டைத் தொடக் கூடாது என்று சட்டம் போட்டவரே அதைத் தொட்டார்.

மூன்று தடவை சோப்பு போட்டார். நாற்றம் அசையவில்லை. மனைவி பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அவன் பெல்ட்டை அவனையே துவைக்கச் சொல்லக் கூடாதா?"

"உன் தம்பி துவைச்சா தண்ணிதான் அழுக்காகும்."

"எப்பப் பாரு அவனையே கரிச்சுக் கொட்டுங்க" என்று அவர் உள்ளே போய்விட்டார்.

குளியலறை அலமாரியில் நீல பாட்டில் ஒன்று இருந்தது. கழிப்பறை கழுவுகிற திரவம், எலுமிச்சை வாசனை போட்டது. மூக்கருக்கு உலகத்தில் யார்மேலாவது முழு நம்பிக்கை இருந்தது என்றால் அந்த நீல பாட்டில்மேல்தான். மஞ்சள் கறையைத் தின்னும், பாசியைத் தின்னும், நாற்றத்தை இருந்த இடம் தெரியாமல் அடிக்கும். பெட்ரோல் என்றால் பயந்தவர், பேட்டரித் தண்ணீர் என்றால் பத்தடி தள்ளி நின்றவர், இதன் மூடியை ஒரு யோசனையும் இல்லாமல் திறந்தார். அழுக்குதான் கெடுதல் செய்யும், சுத்தம் எப்படிக் கெடுதல் செய்யும்? சீட்டில் சோப்பு என்று போட்டிருக்கிறது. இது சோப்புக்கு அண்ணன். முக்கால் பாட்டிலை வாளியில் கவிழ்த்து, ஒரு சொம்புத் தண்ணீர் விட்டு, பெல்ட்டை அமுக்கி, மத்தியானம்வரை ஊற வைத்தார். ஒரே ஒரு தடவை லேசாக அலசினார். இன்னொரு தடவை அலசினால் அந்த எலுமிச்சை வாசனை போய்விடுமே! அப்படியே சொட்டச் சொட்டப் பின்பக்கத்து நைலான் கொடியில் போட்டார்.

திங்கட்கிழமை மச்சினன் பெல்ட்டை எடுத்தான், நின்றான், முகர்ந்தான்.

"அத்தான், நீங்களா துவைச்சீங்க? எனக்காகவா?"

"உனக்காக இல்ல. என் மூக்குக்காக."

அவன் அன்று முழுக்க அந்த பெல்ட்டைத் தடவிக்கொண்டே திரிந்தான். யாரைப் பார்த்தாலும், "அத்தான் துவைச்சுக் குடுத்தாரு, மோந்து பாரு" என்று நீட்டினான். மூக்கருக்கு அதுவும் அருவருப்பாக இருந்தது.

அதன் பிறகு மூன்று வாரம் போயிற்று. நூலகத்துக்குப் பின்னால் ஒரு கிழ மரம், அதன் காய்ந்த கிளை கூரைக்கு நேர் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அதை அறுத்து இறக்க வேண்டும். முறைப்படி மூக்கர் ஏற வேண்டிய நாள். ஆனால் அந்த மரத்தில் நூற்றுக்கணக்கில் பறவைகள் அடைவது வழக்கம். அடியிலிருந்து நுனிவரை எச்சம் வெள்ளையடித்த மாதிரி வழிந்து கிடந்தது. மூக்கர் அண்ணாந்து பார்த்தார்.

"சீச்சீ! இதுல மனுஷன் ஏறுவானா? மச்சான், நீ ஏறு."

"சரி அத்தான்" என்று அவன் சிவப்பு பெல்ட்டை மாட்டிக்கொண்டான்.

அரை மணி நேரத்தில் மச்சினன் உச்சிக்குப் போய், அங்கிருந்து கிளையின் நுனிப்பக்கமாகத் தள்ளிப் போயிருந்தான். இரண்டு காலும் காற்றில். உடம்பு முழுக்க பெல்ட்டில். கையில் மிஷின் ரம்பம் உறுமிக்கொண்டிருந்தது. கீழே கம்பெனி மேஸ்திரி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூக்கர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு வண்டி ஓரமாய் நின்றபோது போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, கொடி அறுந்து துணியெல்லாம் சேத்துல விழுந்துடுச்சு. எல்லாத்தையும் மறுபடியும் துவைக்கணும்."

"போன மாசம் வாங்கின புதுக் கொடிதானே? எப்படி அறும்?"

"அதைத்தான் நானும் பாக்கறேன். முடிச்சுல அறுந்திருந்தா பரவாயில்ல. நடுவுல அறுந்திருக்கு. அன்னிக்கு நீங்க தம்பி பெல்ட்டைக் காயப்போட்டீங்களே, சரியா அந்த இடத்துல. விரலால தேச்சா மாவு மாவா உதிருதுங்க. அதுல அப்படி என்னத்தை ஊத்தினீங்க?"

மூக்கர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். கொடியில் பட்டது பெல்ட்டிலிருந்து சொட்டிய ஈரம்தான். பெல்ட் காலையிலிருந்து மத்தியானம்வரை அதிலேயே கிடந்தது. அதுவும் நைலான், இதுவும் நைலான். இந்த மூன்று வாரத்தில் அவன் அதை மாட்டிக்கொண்டு எத்தனை மரம் ஏறினான்? ஒன்பது. ஒன்பது மரம்! போனை அணைத்துப் பையில் போட்டார்.

"மச்சான்! மிஷினை நிறுத்து!"

உறுமல் நின்றது. "என்ன அத்தான்?"

"ரம்பத்தைக் கிளையில மாட்டிடு. மெதுவா தண்டுக்கிட்ட வா. ஆட்டாம வா. துள்ளாதே."

"ஏன் அத்தான், பாதிதானே அறுத்திருக்கேன்?"

"சொன்னதைச் செய்டா! தண்டுக்கு வந்து கவட்டைல கால் வச்சு நில்லு. மரத்தைக் கட்டிக்கோ. பெல்ட்ல உக்காராதே. நான் வரேன்."

மேலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. "என்ன அத்தான், அங்க வரைக்குமா நாறுது?"

மேஸ்திரியும் சிரித்தார். மூக்கர் தன் பச்சை பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார், பூட்டு கைக்கு அகப்படவில்லை. எந்த மரத்திலும் ஆபத்துக்கு என்று இரண்டாவது கயிறு ஒன்று தொங்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்தான், அது தொங்கிக்கொண்டிருந்தது. வண்டியிலிருந்து கிளை இறக்குகிற வட்டப் பட்டை இரண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். கையுறை போட மறந்துபோனார். எச்சம் கையில் அப்பியது, முழங்காலில் அப்பியது, காய்ந்தது பொடியாய்ப் பறந்து கண்ணிலும் வாயிலும் விழுந்தது. துப்ப நேரமில்லை. அவர் கண் அந்தச் சிவப்புப் பட்டையை விட்டு அகலவில்லை. மச்சினன் இன்னும் கவட்டைக்கு வந்து சேரவில்லை. ஒவ்வொரு தள்ளலுக்கும் அவன் முழுப் பாரமும் அதில் போய் விழுந்து எழுந்தது. கடவுளே, இவனைத் தண்டுவரை கொண்டுவந்து விடு, இவனைத் தண்டுவரை கொண்டுவந்து விடு என்று அவர் வாய் முணுமுணுத்தது.

வந்துவிட்டான். கவட்டையில் நின்று மரத்தைக் கட்டிக்கொண்டு, "இப்ப சந்தோஷமா?" என்றான்.

மூக்கர் பக்கத்தில் போய்ச் சேர்ந்ததும் முதலில் அவன் தொடைப் பட்டையைத் தொட்டார். மஞ்சள் தையல் அப்படியே இருந்தது, பார்க்கப் புதிது மாதிரி. கட்டைவிரல் நகத்தால் அமுக்கினார். நகம் உள்ளே இறங்கியது. ஊறின ரொட்டியில் இறங்குகிற மாதிரி இறங்கியது.

"என்ன அத்தான், என்ன பாக்கறீங்க?"

"பெல்ட் கெட்டுப்போச்சு. பேசாதே. அசையாதே."

வட்டப் பட்டை ஒன்றை அவன் தொடைகளுக்கு அடியிலும் இன்னொன்றை முதுகைச் சுற்றியும் கொடுத்து, இரண்டையும் தன் வளையங்களில் கொக்கி போட்டார். அவனை அவன் கயிற்றிலிருந்து கழற்றி, "என் கழுத்தைக் கட்டிக்கோ" என்றார். அவன் தயங்கினான். எட்டு வருஷத்தில் அவர் அவனைத் தன் ஒரு முழத்துக்குள் விட்டதில்லை.

"அத்தான், நான் ரொம்ப வேர்த்திருக்கேன்."

"கட்டிக்கோடா நாயே!"

கட்டிக்கொண்டான். இரண்டு பேர் பாரத்தோடு ஒரே பெல்ட்டில், அங்குலம் அங்குலமாக இறங்கினார்கள். அவன் மூச்சு வெங்காய வாசனையோடு அவர் முகத்தில் அடித்தது. அவன் வியர்வை அவர் கழுத்தில் வழிந்து சட்டைக்குள் போயிற்று. தலையைத் திருப்பக் கூட இடமில்லை. பாதி தூரத்தில் அவன் பயத்தில் இருக்கிறான் என்பது தெரிந்தது, பல் கடகடவென்று அடித்தது. அவனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

தரையில் கால் பட்டதும் மச்சினன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். மேஸ்திரி ஓடிவந்து, "என்னய்யா ஆச்சு?" என்று கேட்டு, சிவப்பு பெல்ட்டைக் கழற்றி வாங்கினார். அவர் எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புகிற ஆள். இடுப்புப் பட்டையை வண்டியின் கொக்கியில் மாட்டி, தொடைப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றி ஓர் இழுப்பு இழுத்தார். பட்டை சத்தமே இல்லாமல் பிரிந்து கையோடு வந்தது. மேஸ்திரி அப்படியே பின்னால் போய் விழுந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. மேஸ்திரி எழுந்து மண்ணைத் தட்டினார், கையிலிருந்த துண்டைப் பார்த்தார், அண்ணாந்து அந்தக் கிளையைப் பார்த்தார்.

"வேர்வை" என்றார். "வேர்வை உப்புதான் இப்படித் தின்னிருக்கு. எத்தனை தடவை சொன்னாரு மூக்கர், உன் நாத்தம் ஒரு நாள் பெல்ட்டையே தின்னுடும்னு! கேட்டியா நீ? அந்த மனுஷன் மூக்கு இல்லைன்னா இந்நேரம் உன்னை அள்ளிக்கிட்டு இருப்போம். ஆபீஸ்ல நான் இதைச் சொல்லத்தான் போறேன்."

மச்சினன் தலையைக் குனிந்து, தன் சட்டைக் கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தான். எல்லோர் முன்னாலும், அந்த நிலையிலும், முகர்ந்து பார்த்தான். பிறகு அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"மன்னிச்சிடுங்க அத்தான். நீங்க எட்டு வருஷமா சொன்னீங்க. நான் விளையாட்டா எடுத்துக்கிட்டேன். என்னால நீங்களும் இந்த அசிங்கத்துல எல்லாம் ஏறி… இனிமே தினம் ரெண்டு வேளை குளிக்கறேன் அத்தான். அக்கா மேல சத்தியம்."

மூக்கர் நின்றார். ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம், எல்லாம் தானாகவே முடிந்துவிட்டது. மேஸ்திரி சொல்லிவிட்டார், அவனே ஒத்துக்கொண்டுவிட்டான், கேட்டவர்கள் எல்லோரும் நம்பிவிட்டார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் நாளைக்குத் தோளில் தட்டிக்கொடுப்பார்கள். மூன்று மூச்சு, நாலு மூச்சு அவர் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தார். அந்த நாலு மூச்சில் தன்மேலேயே அவருக்கு வந்த குமட்டல் இருக்கிறதே, அது செருப்புக்கடையிலும் வரவில்லை, பூசணம் பிடித்த முட்டையிலும் வரவில்லை. சீ, இதுவும் ஒரு பிழைப்பா!

"வேர்வை இல்ல" என்றார்.

"என்ன?" என்றார் மேஸ்திரி.

"வேர்வை இல்லய்யா. வேர்வைக்கு இப்படி ஆகாது. நான்தான். கக்கூஸ் கழுவற தண்ணியில இதை ஊற வச்சேன். நாத்தம் போகணும்னு நான்தான் ஊற வச்சேன். சரியா அலசவும் இல்ல. அது நூலையெல்லாம் தின்னுடுச்சு. ஆபீஸ்ல என் பேரைச் சொல்லுங்க."

மச்சினன் நிமிர்ந்தான். கண்ணீரும் மூக்குநீரும் ஒன்றாய் வழிந்த முகத்தோடு அவரைப் பார்த்தான். அடிப்பான் என்று மூக்கர் நினைத்தார். அடிக்கட்டும் என்று கையைக் கீழே விட்டுக்கொண்டு நின்றார்.

"அப்போ என் வேர்வை இல்லையா அத்தான்?"

"இல்லடா."

"நிஜமாவா?"

"இல்லடா. உன்மேல ஒரு தப்பும் இல்ல. நான் உன்னைக் கொல்லப் பாத்துட்டேன்டா."

பின்பாதி அவன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அதற்குள் மூக்கரின் பையில் போன் அடித்தது. எடுத்தார்.

"ஏங்க பேசிக்கிட்டே இருக்கும்போது வச்சிட்டீங்க? எனக்கு இங்க கை கால் ஓடல. தம்பி எங்க? மரத்துமேலயா இருக்கான்? அவன்கிட்ட குடுங்க!"

மூக்கர் போனை நீட்டினார். மச்சினன் ஈரக் கையால் வாங்கிக் காதில் அழுத்திக்கொண்டான். அந்தப் பக்கம் அக்கா அழுதுகொண்டே கேட்பது எல்லோருக்கும் கேட்டது. மரம், உயரம், அறுந்துபோன பெல்ட் எதையும் அவன் சொல்லவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக, மூச்சு வாங்க வாங்க, முதலில் அதைத்தான் சொன்னான்.

"அக்கா, அது என் வேர்வை இல்லையாம்க்கா."